சின்ன ஊரின் ஓட்டுக் கணக்கைப் படிப்பது எப்படி

தேர்தல் நாளில் என் வேலை மிகச் சின்னது. பள்ளிக்கூட ஜிம்மில் ஒரு மடக்கு மேசை, ஒரு அளவுகோல், ஒரு சிவப்புப் பேனா, எதிரே வாக்காளர் பட்டியலின் பாதி. மறுபாதி பக்கத்து மேசையில் இருக்கும். வருகிறவர் தன் பெயரைச் சொல்வார். நான் அதை உரக்கத் திருப்பிச் சொல்வேன். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்து, ஓட்டுச்சீட்டைக் கையில் கொடுப்பேன். அவர் யாருக்குப் போட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் சாயங்காலம் பட்டியலை மூடும்போது, கோடு விழாத பெயர்கள் எத்தனை என்பது தெரியும். இத்தனை வருஷத்தில் என் மனதைப் பிடித்தவை அந்தக் கோடு விழாத பெயர்கள்தான்.

நான் இருப்பது நியூ ஹாம்ப்ஷயரின் மேற்கு ஓரம், கனெக்டிகட் ஆற்றுப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். குடியுரிமை கிடைத்த வருஷமே சாவடியில் உட்கார ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போனேன், அன்றிலிருந்து விட்டதில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கும் கல்லூரி வேலைக்கும் இந்தப் பக்கம் குடிவரும் நம்மவர்கள் வீடு பார்க்கும்போதே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, இது டிரம்ப் ஊரா, டெமாக்ரட் ஊரா?" கேட்பதில் தப்பில்லை. பிள்ளைகளோடு ஒரு ஊருக்குப் போகிறவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆனால் இதோடு இன்னொரு கேள்வியையும் கேட்காவிட்டால் கிடைக்கும் பதில் பாதிதான்: எந்தத் தேர்தலில், எத்தனை பேர் வந்து சொன்ன பதில் அது? இரண்டையும் சேர்த்து எப்படிப் பார்ப்பது என்று, நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். உதாரணங்கள் எல்லாம் எங்கள் மாநிலத்தவை. முறை மற்ற இடங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் க்ராய்டனின் கதை

எங்கள் பக்கம் க்ராய்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. எண்ணூறு பேர் சொச்சம். சின்னப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே ஒரு குட்டிப் பள்ளி. மேல்வகுப்புப் பிள்ளைகளை வெளியூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பி, கட்டணத்தை ஊர் கட்டும். இங்கெல்லாம் பள்ளிக்கூட பட்ஜெட்டை முடிவு செய்வது மார்ச் மாதம் நடக்கும் ஆண்டுக் கூட்டம். நம்மூர் கிராம சபை என்று நினைத்துக்கொள்ளலாம், ஒரு பெரிய வித்தியாசத்தோடு: இங்கே கூட்டத்தில் எடுக்கும் ஓட்டுத்தான் கடைசி முடிவு. வீட்டு வரி ஏறுவதும் இறங்குவதும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில் இருக்கிறது.

2022 மார்ச்சில் க்ராய்டன் பள்ளிக் கூட்டத்துக்கு வந்த பட்ஜெட் சுமார் 17 லட்சம் டாலர். ஊர் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவர் எழுந்து, ஒரு பிள்ளைக்கு 10,000 டாலர் போதும், 80 பிள்ளைகளுக்கு 8 லட்சம், அவ்வளவுதான் என்று திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டெடுத்தார்கள். ஆதரவு 20, எதிர்ப்பு 14. பட்ஜெட்டில் பாதிக்கு மேல் போய்விட்டது.

அப்போது ஊரின் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 565 பேர். முப்பத்து நான்கு பேர் என்றால் நூற்றுக்கு ஆறு. வெட்டச் சொன்ன இருபது பேர் நூற்றுக்கு நான்குகூட இல்லை. கூட்டத்துக்கு வராத அப்பா அம்மாக்கள் மறுநாள் செய்தி கேட்டுத் திகைத்துப் போனார்கள். தாங்கள் போகாததை நினைத்து வருந்தியவர்கள் நிறையப் பேர்.

இப்படி முடிவான பட்ஜெட்டை மாற்றச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. சிறப்புக் கூட்டம் கூட்டலாம், ஆனால் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப் பேராவது வந்தாக வேண்டும். அதாவது 283 பேர். மார்ச்சில் 34 பேர் வந்த ஊரில்! மனுவில் கையெழுத்து வாங்கினார்கள், கதவு தட்டினார்கள், போன் போட்டார்கள். கட்சி பார்க்காமல் செய்தார்கள் என்பதை நான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மே 7, சனிக்கிழமை, 379 பேர் வந்தார்கள். பட்ஜெட்டைத் திரும்பக் கொண்டுவர ஆதரவு 377. எதிர்ப்பு 2.

இப்போது சொல்லுங்கள், க்ராய்டன் எந்தப் பக்கம் சாய்ந்த ஊர்? மார்ச் கணக்கை மட்டும் பார்த்தவர், பள்ளிக்குக் காசு தர மறுக்கும் ஊர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். மே கணக்கை மட்டும் பார்த்தவர், ஊரே ஒரே குரலில் பேசுகிறது என்று எழுதுவார். எட்டு வாரத்தில் ஊரின் மனம் தலைகீழாக மாறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் மாறினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். பாதிப் பேர் வந்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்போது, மாற்றம் வேண்டாம் என்பவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் போதும், அதுவே எதிர் ஓட்டு மாதிரி. ஆகவே அன்று வராத 186 பேரில் யார் அக்கறையில்லாதவர், யார் வேண்டுமென்றே வராதவர் என்று அந்த எண்ணிலிருந்து பிரிக்க முடியாது. 377-க்கு 2 என்பதை "ஊரில் எதிர்ப்பாளர்கள் இரண்டே பேர்" என்று படிக்கக் கூடாது. ஒரு எண்ணைக் கையில் எடுக்கும்போது, அந்தக் கூட்டத்தின் விதி என்ன, வராமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று முதலில் பாருங்கள்.

காகிதத்தை எங்கே பிடிப்பது

நியூ இங்கிலாந்து ஊர்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வருஷா வருஷம் ஊர் தன் ஆண்டறிக்கையைப் புத்தகமாக அச்சிடும். எங்கள் நூலகத்தில் அதற்கென்றே ஒரு அலமாரி இருக்கிறது. அட்டையில் பழைய பாலமோ பனி விழுந்த தேவாலயமோ இருக்கும். முதல் பக்கத்தில் ஊருக்கு உழைத்த ஒரு பெரியவருக்குச் சமர்ப்பணம். அப்புறம் வரவு செலவு, தீயணைப்புப் படை எத்தனை தடவை கிளம்பியது, நாய் உரிமத்தில் எவ்வளவு வசூல், அந்த வருஷம் பிறந்தவர், மணமானவர், இறந்தவர் பெயர்கள். நடுவில் எங்கேயாவது போன மார்ச் கூட்டத்தின் குறிப்பு இருக்கும். நமக்கு வேண்டிய பக்கம் அதுதான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் என்ன முடிவு, எண்ணி ஓட்டெடுத்திருந்தால் ஆம் எத்தனை, இல்லை எத்தனை, யார் திருத்தம் கொண்டுவந்தார் என்று வரிசையாக இருக்கும்.

குறைந்தது ஐந்து வருஷ அறிக்கையாவது எடுங்கள். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக நூலகம் பல ஊர்களின் பழைய அறிக்கைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஊர் நூலகத்துக்கே போனால் இன்னும் நல்லது. அறிக்கையைத் தருகிறவரே அந்த வருஷம் என்ன சண்டை நடந்தது என்று சொல்லிவிடுவார்.

நவம்பர் தேர்தல் முடிவுகளை மாநிலச் செயலாளர் அலுவலகம் ஊர் வாரியாக வெளியிடும். எங்கள் மாநிலத்தில் கணக்கு ஊரின் பெயரிலேயே வருவது பெரிய வசதி. மற்ற பல மாநிலங்களில் கவுண்டி அலுவலகத்தில் வாக்குச்சாவடி வாரியாகத்தான் கிடைக்கும். சாவடியின் எல்லையும் ஊரின் எல்லையும் ஒன்றாக இருக்காது. வரைபடத்தை வைத்துச் சரிபார்க்காமல் கூட்டாதீர்கள்.

வாக்காளர் பட்டியலை ஊர் எழுத்தரிடம் கேட்டுப் பார்க்கலாம். எத்தனை பேர் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார்கள் என்பதும் அங்கே கிடைக்கும். கேட்கத் தயங்காதீர்கள். மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். சின்ன ஊரில் எழுத்தர் வாரத்தில் சில மணி நேரம்தான் இருப்பார், அதை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

எதால் வகுப்பது

வந்தவர் எண்ணிக்கையை எதால் வகுக்கிறீர்கள் என்பதில்தான் பெரிய தப்புகள் நடக்கின்றன. ஊரின் மொத்த மக்கள்தொகையால் வகுக்கக் கூடாது, அதில் குழந்தைகளும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களால் வகுத்தாலும், குடியுரிமை இல்லாதவர்கள் உள்ளே இருப்பார்கள். நம்மவர்களில் விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்கள் அதில் சேருவார்கள். (இதைச் சொல்லும்போதே இன்னொன்று. குடியுரிமை இல்லாதவர் எந்தக் காரணத்துக்கும் வாக்காளராகப் பதியக் கூடாது. யாராவது படிவத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் உங்கள் குடியேற்ற விண்ணப்பத்தையே அது பாதிக்கும்.)

பட்டியலில் உள்ளவர்களால் வகுப்பதுதான் சுலபம். ஆனால் பட்டியலும் மூச்சு விடுகிற ஒன்று, விரியும், சுருங்கும். நியூ ஹாம்ப்ஷயரில் தேர்தல் நாளன்றே சாவடியில் பதிந்து, அங்கேயே ஓட்டுப் போடலாம். ஜனாதிபதித் தேர்தல் நாளில் பதிவு மேசை முன்னால் நிற்கும் வரிசை சில சமயம் எங்கள் வரிசையைவிட நீளம். காலையில் இருந்த பட்டியல் எண்ணால் வகுத்தால் சதவீதம் பொய்யாக ஏறிவிடும். அன்று புதிதாகச் சேர்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு வகுக்க வேண்டும். மறுபக்கம், ஊரைவிட்டுப் போனவர்களின் பெயர்கள் பட்டியலில் பல வருஷம் தங்கியிருக்கும். 2021-இல் மாநிலம் முழுக்கப் பட்டியலைச் சலித்தார்கள். சில வருஷமாக ஓட்டுப் போடாதவர்களுக்குக் கடிதம் போட்டு, பதில் இல்லாத பெயர்களை எடுத்தார்கள். ஆகவே 2020 கணக்கையும் 2022 கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆர்வம் கூடியது, குறைந்தது" என்று சொல்வதற்கு முன்னால், வகுத்த எண் எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

2024 நவம்பர் தேர்தலுக்குப் பிறகு இன்னொரு மாற்றமும் வந்தது. இங்கே முதல் தடவை பதிகிறவர் குடியுரிமைக்கு ஆவணம் காட்ட வேண்டும். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், அல்லது குடியுரிமைச் சான்றிதழ். 2025 மார்ச்சிலிருந்து வரும் ஊர்த் தேர்தல் எண்களைப் படிக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். கையில் காகிதம் இல்லாமல் வந்து திரும்பிப் போனவர், எந்தக் கணக்கிலும் வராத ஒருவர்.

வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது. அங்கே ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்களின் மதிப்பீட்டால்தான் வகுத்தாக வேண்டும். மதிப்பீட்டுக்குப் பலரும் எடுப்பது சென்சஸ் துறையின் ஐந்தாண்டு மாதிரிக் கணக்கு. சின்ன ஊர்களுக்கு அதில் பிழை வரம்பு மிகப் பெரிது, எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

ஏரிக்கரை ஊர்களில் வேறு சிக்கல். பாதி வீடு கோடைக்கால வீடு. அந்த வீட்டுக்காரர்கள் இங்கே வரி கட்டுவார்கள், ஓட்டு இருப்பது பாஸ்டன் பக்கம். ஜூலையில் ஊரைப் பார்த்து எடை போட்டால், மார்ச்சில் கூட்டத்துக்கு வரும் ஊர் அதுவாக இருக்காது.

சாய்வைப் பார்ப்பது

சாய்வை ஒரே ஒரு தேர்தலில் பார்க்காதீர்கள். ஒரே பதவியிலும் பார்க்காதீர்கள். 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நவம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் ஜனாதிபதி ஓட்டில் பைடன் சுமார் 53 சதவீதம் வாங்கி ஜெயித்தார். அதே நாள், அதே சீட்டு, ஆளுநர் ஓட்டில் குடியரசுக் கட்சியின் கிறிஸ் சுனுனு 65 சதவீதம். ஒரே பேனாவால் இரண்டு கட்சிக்கும் வட்டத்தை நிரப்பியவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். 2024-இலும் ஹாரிஸ் இங்கே ஜெயித்தார், ஆளுநரானவர் குடியரசுக் கட்சியின் கெல்லி அயோட். பக்கத்து வெர்மான்ட்டில் குடியரசுக் கட்சியிலிருந்து ஆளுநராக ஜெயித்த பில் ஸ்காட் கதையும் இதே மாதிரிதான்.

அதனால் உங்கள் ஊருக்கு ஒரு தாள் எடுத்து மூன்று பத்தி போடுங்கள்: ஜனாதிபதி, ஆளுநர், மாநில சட்டமன்ற உறுப்பினர். கீழே கீழே 2016, 2018, 2020, 2022, 2024. மூன்று பத்தியும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது உறுதியான சாய்வு. மாறி மாறி வந்தால், அங்கே ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் மாநிலப் பிரதிநிதிகள் சபையில் 400 பேர். வருஷச் சம்பளம் 100 டாலர், 1889-இலிருந்து அதேதான். உறுப்பினர் பெரும்பாலும் உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பார். அந்த ஓட்டில் கட்சி எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் அந்தப் பத்தியை விட்டுவிட்டால் ஊரின் முகத்தில் பாதி தெரியாது.

சாய்வுக் கணக்கோடு இன்னொரு சின்னக் கழித்தலையும் செய்யுங்கள். பெட்டியில் விழுந்த மொத்தச் சீட்டு எத்தனை, அதில் ஒவ்வொரு பதவிக்கும் விழுந்த ஓட்டு எத்தனை? ஜனாதிபதிக்கு நிரப்பிவிட்டு, கீழே போகப் போக வட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவார்கள். நாங்கள் ராத்திரி கையால் எண்ணும்போது, இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கி, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவோம். சீட்டின் அடிப்பகுதிக்கு வரும்போது கோடு போடுகிற கை நின்று நின்று போகும். "வெறுமை, வெறுமை, வெறுமை" என்று வாசிப்பவர் சொல்லிக்கொண்டே போவார். சாவடிக்கு வந்தும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் அவர்கள். வருகைச் சதவீதத்தில் அவர்கள் வந்தவர்கள். அந்தப் பதவியைப் பொறுத்தவரை வராதவர்கள்.

டிக்ஸ்வில் நாட்சை நம்பாதீர்கள்

நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் எல்லோரும் பார்ப்பது எங்கள் மாநிலத்தின் வட மூலையில் இருக்கும் டிக்ஸ்வில் நாட்ச். 1960-இலிருந்து நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு ஓட்டுப் போட்டு, சில நிமிஷத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். பல பத்தாண்டுகள் முதல் சீட்டைப் போட்டவர் அங்கிருந்த பால்சம்ஸ் ஓட்டலின் முதலாளி நீல் டில்லட்சன். ஓட்டல் 2011-இல் மூடப்பட்டது, ஊரும் கரைந்துபோனது.

அந்த ஊர்க் கணக்கை வரிசையாகப் பாருங்கள். 2000: புஷ் 21, கோர் 5, நேடர் 1. 2004: புஷ் 19, கெர்ரி 7. 2008: ஒபாமா 15, மெக்கெய்ன் 6. 2012: ஐந்துக்கு ஐந்து. 2020: பைடன் 5, டிரம்ப் 0. 2024: ஹாரிஸ் 3, டிரம்ப் 3. சதவீதம் போட்டால் 2020-இல் அது நூறு சதவீத டெமாக்ரட் ஊர். நான்கு வருஷத்தில் ஐம்பது சதவீதம் சரிந்துவிட்டது என்று தலைப்பு எழுதலாம். உண்மையில் ஒரு குடும்பம் வீடு மாறினாலே இந்த எண்கள் புரண்டுவிடும். நூறு ஓட்டுக்குக் கீழே இருந்தால் சதவீதமே போடாதீர்கள். ஆள் எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள், மூன்று நான்கு தேர்தலைக் கூட்டிப் பாருங்கள்.

ஆனால் அந்த ஆறு பேரிடமிருந்து கற்க ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 2024-இல் அங்கே பட்டியலில் நான்கு பேர் குடியரசுக் கட்சி, இரண்டு பேர் எந்தக் கட்சியையும் சொல்லாதவர்கள். ஜனவரி முதல்நிலைத் தேர்தலில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் அது) ஆறு பேரும் குடியரசுக் கட்சிச் சீட்டில் டிரம்ப்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்குப் போட்டார்கள். நவம்பரில் ஹாரிஸுக்கு மூன்று விழுந்தது. கட்சி சொல்லாதவர்கள் இரண்டே பேர். அப்படியென்றால் குடியரசுக் கட்சியாகப் பதிந்த ஒருவராவது ஹாரிஸுக்குப் போட்டிருக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் கட்சிப் பெயர் வேறு, கையில் இருக்கும் சீட்டு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

எங்கள் மாநிலத்தில் கட்சி சொல்லாதவர்கள் மிக அதிகம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அவர்கள் முதல்நிலைத் தேர்தலில் எந்தக் கட்சிச் சீட்டையும் கேட்டு வாங்கலாம். வாங்கிய கணம் பட்டியலில் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார்கள். வெளியே போகும் வழியில் ஒரு மேசையில் கையெழுத்துப் போட்டால் பழையபடி கட்சியில்லாதவர். அந்த மேசையைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. முதல்நிலைத் தேர்தல் முடிந்த கையோடு எடுத்த கட்சிக் கணக்கை ஊரின் சாய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெர்மான்ட்டில் கட்சிப் பதிவே இல்லை, அங்கே இந்த வழியே கிடையாது.

கண்ணும் காதும்

தோட்டத்துப் பலகைகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். நான் வந்த புதிதில் அதைத்தான் செய்தேன், என் கணக்கு முழுக்கத் தப்பாகப் போனது. சாலை திரும்பும் இடத்தில் ஒருவருக்குப் பெரிய வயல் இருந்தால் அங்கே பத்துப் பலகை நிற்கும், ஓட்டு அவர் வீட்டில் இரண்டுதான். பலகையே வைக்காத வீடுகள்தான் ஊரில் அதிகம்.

பலகையைவிடக் குப்பை மையம் நல்லது. இங்கே பல சின்ன ஊர்களில் வீட்டு வாசலில் குப்பை எடுக்க வண்டி வராது. சனிக்கிழமை காலை ஊரே காரில் பைகளை ஏற்றிக்கொண்டு அங்கே போகும். வேட்பாளர்களும் அங்கேதான் வந்து நிற்பார்கள். அட்டைப் பெட்டியை மடித்துக்கொண்டே பேசுகிறவர்களைக் கேளுங்கள். வாஷிங்டன் பேச்சு வராது. கோடையில் எந்தச் சாலைக்குத் தார் போடுவார்கள், தீயணைப்பு வண்டி வாங்க வேண்டுமா, பள்ளிக் கட்டணம் எவ்வளவு ஏறும். மார்ச்சில் யார் வருவார்கள் என்பதற்குத் துப்பு அங்கேதான் கிடைக்கும். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள். அவர்களே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஊரிலும் ஒரு மார்ச் உண்டு. நூலகத்தை இன்னொரு சாயங்காலம் திறந்து வைக்க ஒரு தொகை கேட்டிருந்தோம். வேலை முடிந்து வரும் அப்பா அம்மாக்கள் பிள்ளைகளோடு வரட்டும் என்று. அன்று பனிமழை. ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த வாரம் முழுக்க, புத்தகத்தை நீட்டிக்கொண்டே என்னிடம் "நான் வந்திருக்க வேண்டும்" என்று சொன்னவர்கள், அந்த வித்தியாசத்தைவிட அதிகம் பேர். அவர்கள் எல்லோரும் நவம்பரில் வந்தவர்கள், என் பேனாவால் கோடு வாங்கியவர்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து நவம்பர் பட்டியலையும் மார்ச் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நான் இருந்ததில்லை. நீங்களும் அந்த ஒரு வகுத்தலைச் செய்யுங்கள்: மார்ச்சில் வந்தவர், கீழே நவம்பரில் வந்தவர். வரி உயர்வையும் பள்ளியையும் எத்தனை பேர் முடிவு செய்கிறார்கள் என்று அந்தப் பின்னம் சொல்லும். உங்கள் ஊர் அதிகாரப்பூர்வச் சீட்டு முறைக்கு மாறிய ஊர் என்றால் கவனம். அங்கே முதலில் விவாதக் கூட்டம், ஓட்டு பிறகு இன்னொரு நாளில் சாவடியில். தொகையை மாற்றும் திருத்தமெல்லாம் முதல் கூட்டத்திலேயே முடிந்துவிடும், அதற்குத்தான் ஆள் வருவது அரிது. இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதுங்கள்.

கடைசியாக, நேரில்

இத்தனையும் காகிதத்தில் பார்த்த பிறகு ஒரு தடவை கூட்டத்தில் போய் உட்காருங்கள். ஊர்க் கூட்டம் பெரும்பாலும் மார்ச் இரண்டாவது செவ்வாயை ஒட்டி வரும். பள்ளிக் கூட்டம் வேறு நாளில் இருக்கலாம். என்னென்ன தீர்மானங்கள் என்ற பட்டியலைப் பதினான்கு நாளுக்கு முன்பே ஊர் மன்றக் கதவில் ஒட்டியிருப்பார்கள். குடியுரிமை இல்லாதவரும் வரலாம், ஓட்டுப் போடாதவர்களுக்கு என்று ஒரு ஓரத்தில் நாற்காலி இருக்கும். பாட்டிமார்கள் பள்ளிப் பயணத்துக்குப் பணம் சேர்க்கக் கேக்கும் சூப்பும் விற்பார்கள், சில்லறை கொண்டு போங்கள். பின்வரிசையில் உட்காருங்கள், அறை முழுக்கத் தெரியும்.

கூட்டம் தொடங்கும்போது ஒரு தடவை தலைகளை எண்ணி எழுதுங்கள். பட்ஜெட் தீர்மானம் வரும்போது இரண்டாவது தடவை. சாப்பாட்டு இடைவேளைக்கு அப்புறம், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இளம் பெற்றோர் கிளம்பியிருப்பார்கள், வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர வேண்டும் என்று வயதானவர்கள் எழுந்திருப்பார்கள், தலைவர் "வேறு விஷயங்கள் ஏதாவது உண்டா" என்று கேட்பார். அப்போது மூன்றாவது தடவை எண்ணுங்கள்.